நிறம் போச்சு... நஞ்சு போச்சா?

புதுச்சேரியின் தண்ணீரைச் சுத்தம் செய்ய ஓசோன் மட்டும் போதாது. அதற்கு ஒரு துணை வேண்டும். அந்தத் துணையை எங்கே, எவ்வளவு யோசித்துச் சேர்க்க வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரை பேசுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து கப்பலேறிய சரக்குகளில் முக்கியமானது நீலத்துணி. பிரெஞ்சுக்காரர்கள் அதை 'கினே' என்பார்கள். அது போய்ச் சேர்ந்த இடம் ஆப்பிரிக்கா. செனகல் ஆற்றங்கரை வியாபாரிகளுக்கு இந்த நீலத்துணிதான் காசு. அதைக் கொடுத்து வேலம்பிசின் வாங்குவார்கள். பிசின் பிரான்ஸ் நாட்டுத் துணி அச்சு ஆலைகளுக்குப் போகும். வெள்ளைத்துணி பெரும்பாலும் சுற்றுவட்டாரத் தறிகளிலிருந்து வரும். நீலம் ஏறுவது இங்கே, நம் ஊர்ச் சாயத் தாழிகளில்.

தென்னிந்தியச் சாயக்காரர்களின் கைமுறை இது: தகரை விதையை வேகவைத்து, சுண்ணாம்பு சேர்த்து, அவுரியைத் தாழியில் புளிக்க விடுவார்கள். தாழிக்குள் நீலம் இருக்காது. முக்கி எடுக்கும் துணியும் மஞ்சளும் பச்சையுமாகத்தான் வெளியே வரும். உதறிக் காயப்போட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் படரும். காற்றிலுள்ள ஆக்சிஜன் செய்யும் வேலை அது.

அந்த ஆக்சிஜனில் இரண்டு அணுக்கள். மூன்று அணுக்களாகச் சேர்ந்தால் ஓசோன். இரண்டு கொடுத்த நீலத்தை மூன்று அழித்துவிடுகிறது! அவுரி மூலக்கூறின் நட்டநடுவில் கரிமத்தையும் கரிமத்தையும் இணைக்கும் ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. நீல நிறத்துக்கு அதுதான் ஆதாரம். ஓசோன் நேராகப் போய் அதைத்தான் வெட்டுகிறது. இந்த வினை அவ்வளவு வேகமானது, அவ்வளவு நம்பகமானது என்பதால், தண்ணீரில் ஓசோன் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அளக்கவே அவுரி நீலத்தின் ஒரு வடிவத்தைப் பயன்படுத்துகிறார்கள். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பேடரும் ஹோயினேவும் 1981-இல் வெளியிட்ட அந்த முறைதான் இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் நடக்கிறது. ஜீன்ஸ் துணியை வெளுக்கவைக்கும் ஆலைகளில் கல்லையும் தண்ணீரையும் குறைத்துக்கொண்டு ஓசோன் பெட்டிக்குள் துணியைச் சுழற்றுவதும் இதே வேதியியல்தான்.

கல்லூரி ஆய்வகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உயரமான கண்ணாடிக் குழாயில் அவுரி நீலக் கரைசல். அடியிலிருந்து ஓசோன் கலந்த வாயு பொடிக் குமிழிகளாக ஏறுகிறது. நீலம் வெளிறுகிறது, லேசான மஞ்சளாகிறது, சிறிது நேரத்தில் அதுவும் போய்த் தண்ணீர் பளிங்காகிவிடுகிறது. பார்ப்பவர்கள் வேலை முடிந்தது என்றுதான் நினைப்பார்கள். இப்போது அந்தப் பளிங்குத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் சேர்த்து, இரண்டு மணி நேரம் சூடாக்கி, கரிமப் பொருளை எரிக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று காட்டும் சி.ஓ.டி. பாருங்கள். ஆரஞ்சு நிறம் பச்சைப் பக்கம் திரும்பும். அதாவது, எரிக்க வேண்டிய கரிமப் பொருள் உள்ளே இன்னும் இருக்கிறது. மொத்தக் கரிமத்தை அளக்கும் டி.ஓ.சி. கருவியில் வைத்தால் விஷயம் இன்னும் தெளிவாகிவிடும். நிறம் முழுவதும் போயிருக்கும். கரிமத்தில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். நீலம் உடைந்து ஐசாட்டின் வகைப் பொருளாகி, அது மேலும் உடைந்து ஆக்ஸாலிக் அமிலம், ஃபார்மிக் அமிலம் என்று சின்னச் சின்னத் துண்டுகளாகக் கரைந்து நிற்கிறது.

சாயக்கழிவைப் பற்றி நம் ஊரில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் நிறத்தோடு நின்றுவிடுகிறது. வாய்க்காலில் சிவப்பாகவோ நீலமாகவோ தண்ணீர் ஓடினால் படம் எடுக்கிறோம், புகார் கொடுக்கிறோம். தெளிவாக ஓடினால் கடந்துபோய்விடுகிறோம். புதுச்சேரிக்கு இந்தப் பழக்கம் இனி உதவாது. சாயம் போட்ட பெரிய ஆலைகள் ஊரில் இல்லை. ரோடியர் மில் என்று மக்கள் சொன்ன ஏ.எஃப்.டி.யும், எட்டு மணி நேர வேலைக்கான போராட்டத்தில் 1936 ஜூலை 30 அன்று பன்னிரண்டு தொழிலாளர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த சவானா, பின்னாளில் சுதேசி மில்லும், பாரதி மில்லும் 2020-இல் மூடப்பட்டுவிட்டன. இப்போது நம் தண்ணீரில் சேரும் பொருள்களுக்குப் பெரும்பாலும் நிறமே கிடையாது.

நிறமில்லாத சரக்கு

புதுச்சேரி ஓர் ஆஸ்பத்திரி நகரம். ஜிப்மருக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கும் விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து தினமும் கூட்டம் வருகிறது. சாப்பிடும் மாத்திரையில் ஒரு பகுதி உடம்பில் கரையாமல் சிறுநீரோடு வெளியேறும். வலி மாத்திரை, ஆன்டிபயாடிக், வலிப்பு மாத்திரை, ஸ்கேன் எடுப்பதற்கு முன் நரம்பில் ஏற்றும் அயோடின் கலந்த மருந்து என்று எல்லாமே பாதாளச் சாக்கடைக்குத்தான் போகின்றன. லாஸ்பேட்டை, துப்ராயப்பேட்டை, கனகன் ஏரி ஆகிய மூன்று இடங்களில் தலா 17 எம்.எல்.டி., அதாவது நாளொன்றுக்கு 1 கோடியே 70 லட்சம் லிட்டர் திறனுள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நமக்கு இருக்கின்றன. அங்கே வேலை செய்பவை பாக்டீரியாக்கள். மலத்தையும் சோப்பையும் சாப்பாட்டுக் கழிவையும் அவை நன்றாகத் தின்னும். வலிப்பு மாத்திரையான கார்பமசெபினைத் தொடக்கூட மாட்டா. உள்ளே வந்தது அநேகமாக அப்படியே வெளியே போகும்.

இன்னொரு பக்கம் தொழிற்பேட்டைகள். மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு என்று நீளும் வரிசையில் பலவகை ஆலைகள். வரிச்சலுகை இருந்த காலத்தில் யூனியன் பிரதேசத்துக்கு வந்தவற்றில் மருந்து ஆலைகளும் உண்டு. தெற்கே பஸ்ஸில் போனால் கடலூர் சிப்காட். உப்பனாற்றங்கரையில் இரசாயன, மருந்து, சாய மூலப்பொருள் ஆலைகள். இவற்றின் கழிவில் சேரும் பொருள்கள் பாக்டீரியாவுக்கு உணவாவதற்குப் பதில் அதையே கொன்றுவிடக் கூடியவை.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. ஐதராபாத்தை ஒட்டிய பட்டான்செருவில், மருந்து ஆலைகளின் கழிவைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொது நிலையத்திலிருந்து வெளியே வந்த தண்ணீரை ஸ்வீடன் விஞ்ஞானிகள் சோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது. அந்த மாத்திரையைச் சாப்பிட்ட நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். அப்படிப்பட்ட தண்ணீரில் பிழைத்துக்கொள்ளும் கிருமிகளுக்கு அடுத்த முறை அந்த மருந்து வேலை செய்யாது. பிறகு 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 121 ஆன்டிபயாடிக்குகளுக்குக் கழிவுநீர் வரம்பு விதிக்கும் வரைவை வெளியிட்டது. நல்ல வரைவு. ஆனால் 2021 ஆகஸ்டில் வந்த இறுதி விதியில் அந்தப் பட்டியலே இல்லை. சட்டம் கேட்காததை ஆலைகள் அளப்பதில்லை. அளக்காததைச் சுத்தம் செய்வதும் இல்லை. இது எனக்கு மிகவும் வேதனையான விஷயம். ஏனென்றால், தொழில்நுட்பம் இல்லை என்ற சாக்கு இங்கே செல்லுபடியாகாது.

பொறுக்கித் தின்னும் ஓசோன்

ஓசோன் புதிய சரக்கல்ல. சுத்திகரித்த குடிநீர் பாட்டிலின் லேபிளைத் திருப்பிப் பார்த்தால் ஓசோன் ஏற்றப்பட்டது என்று எழுதியிருப்பதைக் காணலாம். உலர்ந்த காற்றையோ ஆக்சிஜனையோ ஒரு குறுகிய இடைவெளியில் செலுத்தி, உயர் மின்னழுத்தம் கொடுத்தால் ஓசோன் உண்டாகும். ஜெர்மனியின் வெர்னர் ஃபான் சீமென்ஸ் 1857-இல் உருவாக்கிய குழாய்தான் இதற்கெல்லாம் மூதாதை. ஓசோனைக் குடிநீருக்குப் பெரிய அளவில் கொண்டுவந்த பெருமை பிரெஞ்சுக்காரர்களுக்கு உண்டு. ஓசோன் பற்றியே முனைவர் பட்டம் வாங்கிய மாரியூஸ் பால் ஓட்டோவின் முயற்சியில், 1900-களின் முதல் பத்தாண்டில் நைஸ் நகரம் தன் குடிநீருக்கு ஓசோன் ஏற்றத் தொடங்கியது. அன்றைக்குப் புதுச்சேரியும் அதே பிரெஞ்சுக் குடியரசின் கொடிக்குக் கீழேதான் இருந்தது. நைஸின் ஓசோன் இங்கே வந்து சேரவில்லை.

கிருமியைக் கொல்வதில் ஓசோன் கெட்டிக்காரன். மருந்துப் பொருள்களிடம் வரும்போது அதன் குணம் மாறுகிறது. வீட்டில் கூட்டுப் பரிமாறினால் உருளைக்கிழங்கை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதைத் தட்டோரம் ஒதுக்கும் பிள்ளையைப் போல, எலெக்ட்ரான் செறிந்த இடங்களை மட்டும் தேடிப் போகும். இரட்டைப் பிணைப்பு, அமைன், பீனால் போன்றவை அதற்குப் பிடித்தவை. வலி மருந்தான டைக்ளோஃபெனாக்கும், சல்ஃபமெத்தாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்கும், மேலே சொன்ன கார்பமசெபினும் கண்ணிமைக்கும் நேரத்தில் உடையும். இன்னொரு வலி மருந்தான ஐபுப்ரோஃபென் அசைந்துகொடுக்காது. டைக்ளோஃபெனாக்கைத் தாக்கும் வேகத்தில் லட்சத்தில் ஒரு பங்கு வேகம்தான் அங்கே. ஸ்கேன் மருந்துகள் அதையும்விட முரண்டு பிடிப்பவை. எல்லாம் உடைந்த பிறகு கடைசியில் நிற்கும் ஆக்ஸாலிக் அமிலத்தை ஓசோன் அநேகமாகத் தொடுவதே இல்லை.

ஏன் என்ற கேள்விக்கு விடை தேடியவர் அதே ஹோயினே. சூரிச்சுக்குப் பக்கத்தில் டூபென்டோர்ஃபில் உள்ள நீர் ஆய்வு நிறுவனத்தில் 1970-களில் இதைத் தெளிவுபடுத்தினார். ஓசோன் தண்ணீரில் இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஒன்று, தானே போய் மோதுவது. மற்றொன்று, தான் சிதைந்து ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற ஒன்றை உண்டாக்குவது. ராடிக்கலின் ஆயுள் நொடியில் லட்சத்தில் ஒரு பங்குகூட இராது. ஆனால் அதற்கு வேண்டியது வேண்டாதது கிடையாது. எதிரில் எந்தக் கரிமப் பொருள் வந்தாலும் தாக்கும். ஐபுப்ரோஃபெனையும் தாக்கும், ஸ்கேன் மருந்தையும் தாக்கும். எனவே கேள்வி இப்படி மாறுகிறது: ஓசோனை எப்படிச் சீக்கிரம், வீணாக்காமல், ராடிக்கலாகச் சிதைய வைப்பது?

இங்கேதான் தொடக்கத்தில் சொன்ன துணை, அதாவது வினையூக்கி, வருகிறது. தண்ணீரில் சுண்ணாம்பு போல ஒரு காரத்தைக் கூட்டினாலும் ஓசோன் சிதையும். ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டாலும் சிதையும். ஆனால் அவற்றைத் தினமும் வாங்கி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வினையூக்கி தீராது. இரும்பு, மாங்கனீசு உப்புகளைத் தண்ணீரிலேயே கரைப்பது ஒரு வழி. வேலை நடக்கும், பிறகு அந்த உலோகத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். அதற்கொரு சேறு, அந்தச் சேற்றுக்கொரு கிடங்கு. ஆகவே திடப்பொருளாக வைப்பதுதான் புத்திசாலித்தனம். மிளகு, கொத்தமல்லி விதை அளவுள்ள அலுமினா உருண்டைகளின் மேல் மாங்கனீசு டையாக்சைடு, இரும்பு ஆக்சைடு, செம்பு ஆக்சைடு போன்றவற்றைப் படிய வைத்து, ஓர் உயரமான தொட்டியில் நிரப்புகிறார்கள். தண்ணீரும் ஓசோன் குமிழிகளும் அந்த உருண்டைகளுக்கு இடையே ஏறும். ஓசோன் உருண்டையின் மேற்பரப்பில் ஒட்டிச் சிதைகிறது. ஓசோனுக்கு மசியாத ஆக்ஸாலிக் அமிலமும் அதே மேற்பரப்பில் ஒட்டுகிறது. இருவரும் அங்கே சந்திக்கிறார்கள். எஞ்சுவது கரியமில வாயுவும் தண்ணீரும்.

இந்தத் துறையை ஒழுங்காகத் தொகுத்து எழுதியவர்களில் பிரான்ஸின் புவாத்தியே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்னார் லெகூபும் நத்தாலி கார்ப்பெல் வெல் லெய்ட்னரும் உண்டு. அவர்களின் 1999-ஆம் ஆண்டுக் கட்டுரையை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதன் பிறகு வந்த கட்டுரைகள் ஆயிரக்கணக்கில். சீனாவில் கோக் ஆலை, பெட்ரோலிய ஆலைக் கழிவுகளுக்கு இது ஆய்வகத்தைத் தாண்டித் தொழிற்சாலை அளவிலேயே வந்துவிட்டது.

தமிழ்நாட்டிலும் வேர் இருக்கிறது. சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், சி.எல்.ஆர்.ஐ., தோல் பதனிடும் கழிவை ஓசோன் கொண்டு நிறம் நீக்குவது பற்றி 2009-இல் ஆய்வு வெளியிட்டது. அதே நிறுவனத்தில் சேகரன் என்ற விஞ்ஞானியின் குழு நெல் உமியிலிருந்து நுண்துளைக் கரி செய்து, அதையே வினையூக்கியாக வைத்துத் தோல், சாயக் கழிவுகளை ஆக்சிஜனேற்றம் செய்யும் முறையைப் பல ஆண்டுகள் வளர்த்தெடுத்தது. ஓசோனுக்கும் கரி நல்ல துணைதான். காங்கேயம் பக்கம் தேங்காய்ச் சிரட்டைக் கரிக்குப் பஞ்சமே இல்லை. ஒரே குறை, ஓசோன் கரியின் மேற்பரப்பையே மெல்ல மெல்ல ஆக்சிஜனேற்றி மந்தமாக்கிவிடும்.

வினையூக்கி என்றாலே எல்லாம் சரியாகிவிடும் என்று விற்பனைக்கு வருபவர்கள் சொல்வார்கள். நம்ப வேண்டாம். போலந்தின் யாசெக் நவ்ரோட்ஸ்கி 2013-இல் எழுதிய விமர்சனக் கட்டுரையில் ஒரு கேள்வியை எழுப்பினார்: நீங்கள் நீக்கியதாகச் சொல்லும் நஞ்சு உண்மையில் உடைந்ததா, அல்லது வினையூக்கியின் துளைகளுக்குள் போய் ஒட்டிக்கொண்டு மறைந்திருக்கிறதா? ஒட்டியிருந்தால் சில வாரங்களில் துளைகள் நிரம்பிவிடும், பிறகு நஞ்சு நேராக வெளியே போகும். நல்ல ஆய்வு எது என்று பிரித்துப் பார்க்க இந்த ஒரு கேள்வி போதும். இன்னொன்று, உலோகம் கரைந்து வெளியேறுவது. மாங்கனீசு தண்ணீரில் கரைந்து, அதில் ஓசோன் கொஞ்சம் அதிகமானால் பெர்மாங்கனேட்டாகி, தெளிந்து வர வேண்டிய தண்ணீர் ரோஸ் நிறத்தில் வரும். குடிநீரில் மாங்கனீசுக்கு இந்தியத் தரம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்தான்.

கடல் வைக்கும் நிபந்தனை

ஐரோப்பிய வடிவமைப்பை அப்படியே வாங்கி வந்து இங்கே நிறுத்த முடியாது. முதல் காரணம் வெயில். சூடான தண்ணீரில் ஓசோன் குறைவாகக் கரையும், சீக்கிரம் சிதையும். இரண்டாவது, நம் நிலத்தடி நீரில் நிறைந்திருக்கும் பைகார்பனேட். ராடிக்கலை அது இடையிலேயே விழுங்கிவிடும். இவை இரண்டையும் பொறியாளர்கள் சமாளித்துவிடுவார்கள். மூன்றாவது காரணம்தான் புதுச்சேரிக்கே உரியது, அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்த ஊர் தண்ணீரால் பெயர் பெற்ற ஊர். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்து ஊற்று நீரை நகருக்குக் கொண்டுவந்த நினைவாகத்தான் பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் வெள்ளையாக நிற்கிறது. 1870-களின் பிற்பகுதியில் சவானா ஆலையில் ஆழ்துளை போட்டபோது, இறைக்காமலே தண்ணீர் தானாகப் பொங்கி மேலே வந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தன் பதிவேட்டில் எழுதிவைக்கும் அளவுக்கு அது அன்று அதிசயம். அந்த அழுத்தமெல்லாம் இன்று இறங்கிப்போய்விட்டது. நூற்றுக்கணக்கான மோட்டார்கள் உறிஞ்ச, கடலோரத்தில் உப்பு நீர் உள்ளே வருகிறது. பொதுப்பணித் துறை ஆங்காங்கே ஆர்.ஓ. நிலையம் வைத்திருப்பதும், தெருவுக்குத் தெரு கேன் தண்ணீர் வண்டி நிற்பதும் இதனால்தான்.

கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைடு. கூடவே சுமார் 65 மில்லிகிராம் புரோமைடு. நூறு பங்கு நிலத்தடி நீரில் ஒரே ஒரு பங்கு கடல்நீர் கலந்தது என்று வைத்துக்கொள்வோம். கடலால் கூடும் குளோரைடு 190 மில்லிகிராம். அரசு ஏற்கும் அளவு 250. வாயில் வைத்தால் உப்புக் கரிக்காது, யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். ஆனால் புரோமைடு 0.65 மில்லிகிராம் ஆகிவிடும். ஓசோன் போடுவதற்கு அது மிக அதிகம். 0.1 மில்லிகிராமைத் தாண்டினாலே பொறியாளர்கள் கவலைப்படுவார்கள். காரணம், ஓசோன் புரோமைடைப் புரோமேட்டாக மாற்றும். புரோமேட் விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கிய பொருள். பாட்டில் குடிநீருக்கான இந்தியத் தரமும் உலகச் சுகாதார நிறுவனமும் அதற்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 10 மைக்ரோகிராம்.

பெரிய நிறுவனங்களும் இதில் வழுக்கியிருக்கின்றன. 2004 மார்ச்சில் பிரிட்டனில் கோகோ-கோலா தன் 'டசானி' குடிநீரைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது. சுமார் 5 லட்சம் பாட்டில்கள். தாதுச்சத்துக்காகச் சேர்த்த கால்சியம் குளோரைடில் புரோமைடு இருந்திருக்கிறது. மேலே ஓசோன் ஏற்றினார்கள். புரோமேட் வரம்பைத் தாண்டிவிட்டது. நம் கடலோரத் தண்ணீரில் அந்தப் புரோமைடைத் தனியாக யாரும் சேர்க்க வேண்டியதில்லை. நல்ல நிலையில் இருக்கும் ஆர்.ஓ. சவ்வு அதைப் பெருமளவு பிடித்துவிடும். சவ்வு கிழிந்தோ, செலவை மிச்சம் பிடிக்கப் பச்சைத் தண்ணீரைக் கலந்தோ ஓட்டினால் பிடிக்காது.

வினையூக்கிக்கு இங்கே இன்னொரு வேலையும் இருக்கிறது. சீரியம் ஆக்சைடு போன்ற சில வினையூக்கிகள் புரோமேட் உருவாவதைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே நஞ்சை எவ்வளவு வேகமாக உடைக்கிறது என்று மட்டும் பார்த்து வினையூக்கி வாங்கினால் ஐரோப்பாவின் உள்நாட்டு ஊருக்குச் சரியாக இருக்கும். புதுச்சேரி வாங்க வேண்டியது, உடைக்கவும் வேண்டும், புரோமேட்டையும் அடக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைக்கும் உட்பட்ட சரக்கு. அதைப் புதுச்சேரித் தண்ணீரிலேயே வைத்துத்தான் சோதிக்க முடியும். வடித்த நீரில் செய்த சோதனை இதற்கு உதவாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

முதலில் ஊர்ச் சாக்கடை. இதற்கு வினையூக்கி தேவையில்லை என்பது என் கருத்து. ஓசோன் பெரிய மூலக்கூறுகளை நறுக்கிக் கொடுக்கட்டும். மிச்சமிருக்கும் சின்ன அமிலங்களைப் பின்னால் வைக்கும் மணல் வடிகட்டியிலோ கரி வடிகட்டியிலோ வளரும் பாக்டீரியாக்கள் தின்றுவிடும். ஹோயினே வேலை பார்த்த டூபென்டோர்ஃப் ஊரிலேயே 2014-இல் நோய்குட் கழிவுநீர் நிலையம் இப்படி ஓசோன் போடத் தொடங்கியது. 2016 முதல் சுவிட்சர்லாந்தில் குறிப்பிட்ட நிலையங்கள் மருந்துத் துணுக்குகளை நீக்க வேண்டும் என்பது சட்டம். நமீபியாவின் வறண்ட தலைநகர் விண்ட்ஹூக் 2002-இல் கட்டிய நிலையத்தில் சாக்கடை நீரை ஓசோனும் கரியும் கொண்டு குடிநீராகவே மாற்றிக் குழாயில் விடுகிறார்கள்.

ஒரு லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஓசோன் என்று வைத்துக்கொண்டால், லாஸ்பேட்டை அளவுள்ள 17 எம்.எல்.டி. நிலையத்துக்கு நாளொன்றுக்கு 85 கிலோ. ஆக்சிஜன் தயாரிப்பையும் சேர்த்துக் கிலோவுக்குச் சுமார் 15 யூனிட் மின்சாரம். மொத்தம் 1,275 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 9,000 ரூபாய். ஆயிரம் லிட்டருக்கு 50 பைசாவுக்குச் சற்று மேல். இயந்திரத்தின் விலை தனி. இருந்தாலும், ஏரிக்கும் தோட்டத்துக்கும் திருப்பிவிடக்கூடிய தண்ணீருக்கு இது பெரிய செலவு என்று யாரும் சொல்ல முடியாது.

ஆலைக் கழிவின் கணக்கு வேறு. பாக்டீரியா தின்றது போக 500 மில்லிகிராம் சி.ஓ.டி. மிச்சமிருக்கும் மருந்து ஆலைக் கழிவு, தினம் 1 லட்சம் லிட்டர் என்று எடுத்துக்கொள்வோம். எரிக்க வேண்டியது 50 கிலோ. ஓசோனின் மூன்று ஆக்சிஜன் அணுக்களில் ஒன்றுதான் வேலைக்குப் போகிறது என்றால், 1 கிலோ சி.ஓ.டி.க்கு 3 கிலோ ஓசோன். ஆக 150 கிலோ, 2,250 யூனிட், கிட்டத்தட்ட 16,000 ரூபாய். ஒரு லட்சம் லிட்டருக்கே இது. சாக்கடையோடு ஒப்பிட்டால் லிட்டருக்கு முந்நூறு மடங்கு. இங்கே பாக்டீரியாவையும் நம்ப முடியாது. உப்பும் நஞ்சும் சேர்ந்து அதை முடக்கிவிடும். தனி ஓசோன் பாதி வழியில் நின்றுவிட்டு, எஞ்சியது தொட்டியின் மேலே குமிழியாகப் பறந்து வீணாகும். வினையூக்கியின் இடம் இதுதான். வீணாகும் ஓசோனை வேலை வாங்கிக் கொடுத்தால், மேலே போட்ட கணக்கில் மிச்சமாகும் ஒவ்வொரு கிலோவும் நூறு ரூபாய்க்கு மேல்.

திருப்பூர் இதற்கு முன்னால் பாடம் படித்த ஊர். நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்த வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மொத்தமாக மூடச் சொன்ன பிறகுதான் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறை அங்கே முழுமையாக வந்தது. சவ்வு, ஆவியாக்கி என்று கோடிக்கணக்கில் செலவு. சவ்வை அடைப்பது கழிவிலுள்ள கரிமப் பொருள்தான் என்பதால், அதை முன்னாலேயே உடைத்துவிடும் எந்த முறைக்கும் அங்கே மதிப்பு உண்டு. நீதிமன்றம் பூட்டுப் போடும் வரை காத்திருக்காமல் புதுச்சேரி இதைத் தொடங்கலாம் என்பது என் வேண்டுகோள்.

யார் பணம் கொடுப்பது என்ற கேள்விக்கு ஐரோப்பா ஒரு விடை வைத்திருக்கிறது. 2024-இல் நிறைவேறிய அதன் புதிய நகரக் கழிவுநீர்ச் சட்டம், மருந்துத் துணுக்குகளை நீக்கும் கூடுதல் சுத்திகரிப்பின் செலவில் 80 சதவீதத்தையாவது மருந்து, அழகுசாதனப் பொருள் தயாரிக்கும் நிறுவனங்களே ஏற்க வேண்டும் என்கிறது. நிறுவனங்கள் எதிர்க்கின்றன, நீதிமன்றம் போகின்றன. ஆனாலும் சட்டம் புத்தகத்தில் ஏறிவிட்டது. வரிச்சலுகை வாங்கிக்கொண்டு வந்த ஆலைகளிடம் புதுச்சேரி அரசு இதைக் கேட்பதில் எந்தத் தயக்கமும் வேண்டியதில்லை.

ஆள் இங்கேயே இருக்கிறார்கள். காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம், பிள்ளைச்சாவடியில் பொறியியல் கல்லூரியாக இருந்து வளர்ந்த தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். ஓர் ஆள் உயரக் குழாய், சிறிய ஓசோன் கருவி, இரண்டு மூன்று வகை வினையூக்கி உருண்டைகள். இவற்றைச் சுத்திகரிப்பு நிலையத்தின் வெளிவாயிலிலும் ஒரு மருந்து ஆலையின் கழிவுத் தொட்டியிலும் கோடை ஒன்று, மழைக்காலம் ஒன்று என ஓராண்டு ஓட்டினால் போதும். முன்னும் பின்னும் அளக்க வேண்டியவை டி.ஓ.சி., மருந்துத் துணுக்குகள், கரைந்து வரும் மாங்கனீசு, புரோமேட். நிறத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அதற்கும் முன்னால், பெரிய செலவில்லாமல் நாளைக்கே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. பொதுப்பணித் துறை தன் போர்வெல் நீரின் டி.டி.எஸ்., குளோரைடு அளவுகளை எடுக்கும்போது, அதே மாதிரியில் புரோமைடையும் பார்த்து, வார்டு வாரியாக வெளியிட வேண்டும். ஓசோன் போட்டுக் கேன் நிரப்பும் ஒவ்வொரு நிலையத்துக்கும் அந்த எண் இன்றே தேவைப்படுகிறது.